தொண்ணூற்று நான்கு வினாடிக் குரல்

அத்தியாயம் 6

மூன்றாவது மாடி ஏறியதிலேயே துருவலாருக்குப் பாதி உயிர் போய்விட்டது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்ற வேண்டும். அதுவும் நாலு மணிக்குள். இப்போது இரண்டரை.

லிஃப்ட் இருந்தது. அதன் கதவில் 'பழுது' என்ற அட்டையும் இருந்தது. அட்டை பழுப்பேறியிருந்ததைப் பார்த்தால், அந்தக் கட்டடத்தில் லிஃப்டைவிட அட்டைக்குத்தான் சர்வீஸ் அதிகம்.

"அத்தான், கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போலாமா? உங்க முட்டி போடற சத்தத்துக்குக் குற்றவாளி நாம வர்றதுக்கு முந்தியே ஓடிருவான்," என்றாள் ஊசி.

ஊசி அவருடைய மனைவியின் தங்கை. துப்பறிவதில் அவருக்கு உதவியாளர் என்பது வெளியுலகத்துக்குச் சொல்லிக்கொள்ள. அத்தான் எங்கே போகிறார், டாக்டர் வேண்டாமென்ற எதையெல்லாம் தின்கிறார் என்று அக்காவிடம் அன்றன்றைக்கு ஒப்பிப்பதுதான் அசல் உத்தியோகம் என்று தெருவில் பேச்சு. பேச்சென்ன பேச்சு, உண்மையே அதுதான். நாக்கின் கூர்மைக்காக அவள் ஊசி. ஒன்றைக் கேட்டால் ஒன்பதாகத் துருவுவதால் அவர் துருவலார். சொந்தப் பெயர் இருவருக்குமே விண்ணப்பம் நிரப்பும்போதுதான் ஞாபகம் வரும்.

"உட்கார்ந்தா எந்திரிக்க மாட்டேன். நட," என்றார்.

வராந்தா முழுக்க ஈரம். நடுவில் ஒரு துப்புரவுக்காரம்மா துடைப்பக் கட்டையோடு நின்றாள். ஐம்பது வயதிருக்கும், ஆள் குச்சி.

"ஈரம் ஈரம், சுவத்தோரமா வாங்க, செருப்ப மேல தூக்கி வச்சு வாங்க," என்றாள். தகரத்தில் ஆணியால் கீறியது போலக் குரல். ஒரே மூச்சில் நாலு வாக்கியம் சொல்லி முடித்துவிட்டு வாளியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

விவகாரத்தைச் சொல்லிவிடலாம். அது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அலுவலகம். மூன்று வாரத்துக்கு முன், காலை பதினொரு மணிக்கு, அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ஒரு மகள் அழைத்தாள். வண்டி போனது, பாலத்து நெரிசலில் மாட்டியது, ஒருவழியாகச் சேர்ந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார். பிழைத்தவர் வீட்டில் சும்மா இருப்பார்களா? தாமதம் என்று புகார் எழுதினார்கள். உடனே அலுவலகம் அந்த அழைப்பின் பதிவை எடுத்துப் போட்டுக் கேட்டது.

அங்கேதான் வினை. அழைப்பை எடுத்த தொண்ணூறு வினாடிக்குள் வண்டிக்கு உத்தரவு போக வேண்டும் என்பது விதி. விசாரணைத் தலைவரின் ஸ்டாப்வாட்ச் தொண்ணூற்று நான்கு காட்டியது. அதைவிட மோசம், பதிவில் ஆபரேட்டரம்மாவின் குரல் கனத்து, இழுத்து, தூங்கி வழிந்தது. 'குடித்துவிட்டு இருக்கையில் இருந்தார்' என்று கோப்பில் எழுதிவிட்டார்கள். இது உன் குரல்தானா என்று கேட்டதற்கு அவள் ஆமாம் என்று கையெழுத்தும் போட்டுவிட்டாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று நாலு மணிக்குக் கடைசி விசாரணை. அதோடு வேலை போய்விடும்.

துருவலாரை அனுப்பியது அவளுடைய மாமியார். "பன்னெண்டு வருஷமா என் கூட ஒரே வீட்ல இருக்கா. குடிக்கணும்னா இதுக்கு முன்னாடியே குடிச்சிருப்பா," என்பதுதான் அந்த அம்மாள் கொடுத்த நற்சான்று.

*

பதிவறைக்காரருக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பெயர் 'சுத்தம்'. குளிப்பதால் வந்த பெயர் இல்லை. சங்கீதப் பிரியர். காதில் ஒரு ஹெட்போன், கழுத்தில் இன்னொன்று. சாப்பாட்டு நேரத்தில் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே பாட்டுக் கேட்பார். சுருதி சுத்தம், ஒலி சுத்தம் என்று அவர் ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்குக் கொட்டாவி நிச்சயம்.

"எத்தனை தடவை போடறது? விசாரணைக் குழுவுக்கே மூணு தடவை போட்டாச்சு," என்று சலித்துக்கொண்டே பதிவைத் தட்டினார்.

துருவலார் நாற்காலியில் சரிந்து கண்ணை மூடிக்கொண்டார். போன இரண்டு இரவும் தூக்கமில்லை. கண்ணை மூடுவது யோசிக்கத்தான் என்று ஊசி வெளியாட்களிடம் சொல்வது வழக்கம். ஒரு கண் மட்டும் கைக்கடிகாரத்தின் மேல் கால்வாசி திறந்திருந்தது.

மணி அடித்தது. "ஆ...ம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை... சொல்லுங்க..." என்றது கனத்த குரல். "எங்கப்பாவுக்கு... நெஞ்சு வலிக்குது..." என்றது எதிர்முனை. முகவரி, அடையாளம், நோயாளியின் வயது. பிறகு வண்டிக்கு உத்தரவு. டொக்.

"தொண்ணூத்தி நாலு," என்றார் துருவலார்.

"நான்தான் சொன்னேனே. குடிதான் சார், வேற என்ன."

ஊசி முகத்தைச் சுளித்தாள். "ஒண்ணு கேட்கட்டுமா? ஆபரேட்டர் குடிச்சிருக்காங்க, சரி. கூப்பிட்ட பொண்ணும் குடிச்சிருக்கா?"

"என்னம்மா பேசற, அவங்கப்பா உயிருக்குப் போராடறார்."

"அதான் கேட்கறேன். அப்பாவுக்கு நெஞ்சுவலின்னா தொண்டை கிழியக் கத்தணும். இவ என்னமோ மத்தியான சாப்பாட்டுக்கு அப்புறம் பேசற மாதிரி பேசறா. அவளை விடுங்க. முதல்ல மணி அடிச்சுதே, அதுவே கொட்டாவி விட்டுக்கிட்டு அடிச்ச மாதிரி இருந்துது. டெலிபோன் மணிக்கு யார் ஊத்திக் கொடுத்தது?"

துருவலாரின் இரண்டாவது கண்ணும் திறந்தது. அதிகம் இல்லை, அரைவாசி. அவர் பார்த்தது கடிகாரத்தை அல்ல, திரையின் கீழ் ஓரத்தை. பிளேயர் ஓடி முடித்த நேரத்தைச் சின்ன எழுத்தில் காட்டிக்கொண்டு நின்றது: ஒரு நிமிஷம் இருபத்தாறு வினாடி.

"சுத்தம் சார், என் கடிகாரம் தொண்ணூத்தி நாலு. உங்க கம்ப்யூட்டர் எண்பத்தாறு. நடுவுல எட்டு வினாடி எங்க போச்சு?"

"அது எப்பவும் அப்படித்தான். நான் அன்னிக்கே தலைவர்கிட்ட சொன்னேன். 'முப்பது வருஷமா ஓட்டப் பந்தயத்துல நேரம் எடுக்கறவன் நான், கம்ப்யூட்டர் எனக்குக் கத்துக்கொடுக்குமா'ன்னுட்டார். நான் வாய மூடிக்கிட்டேன்."

"எப்பவும்னா எப்பலேருந்து?"

சுத்தம் மோவாயைச் சொறிந்தார். "போன மாசம் புதுப் பதிவு மெஷின் வச்சாங்க. அதுலேருந்துதான்னு நினைக்கறேன். பழைய பதிவெல்லாம் சரியாத்தான் ஓடும்."

"பாட்டு?"

"பாட்டா?" அவர் முகம் மலர்ந்தது. "பாட்டு அற்புதமா ஓடும் சார். ஏன்னா நான் இந்தப் பிளேயர்ல ஒரு காரியம் செஞ்சு வச்சிருக்கேன். சாதாரண ஆளுங்களுக்குத் தெரியாது. ஒலிய மாத்திக் கொடுக்கற வேலைய நிறுத்திட்டேன். சாம்பிள் ரேட்டை மாத்தறேன் பேர்வழின்னு இந்தப் பிளேயரெல்லாம் பாட்டைப் பிசைஞ்சு கூழாக்கிடும். என்கிட்ட இருக்கற பாட்டெல்லாம் நாப்பத்து நாலாயிரத்து நூறு. சவுண்ட் கார்டும் நாப்பத்து நாலாயிரத்து நூறு. உள்ள வந்தது அப்படியே வெளிய போகும். சுத்தம்."

சொல்லி முடித்ததும் அவரே வாயைத் திறந்தபடி நின்றார். கழுத்தில் இருந்த ஹெட்போன் கொஞ்சம் சரிந்தது.

"புது மெஷின் எவ்வளவுல பதிவு பண்ணுது?" என்றார் துருவலார். குரலில் வெற்றி இல்லை, அசதிதான் இருந்தது.

சுத்தம் கோப்பின் விவரத்தைத் திறந்தார். "நாப்பத்தெட்டாயிரம்," என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்குப் புரியற மாதிரி யாராவது சொல்றீங்களா?" என்றாள் ஊசி.

சொன்னது துருவலார்தான். புது மெஷின் ஒரு வினாடிக் குரலை நாற்பத்தெட்டாயிரம் துண்டாக நறுக்கி வைத்திருக்கிறது. இந்தப் பிளேயரோ ஒரு வினாடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு துண்டுதான் பரிமாறும். எண்ணிக்கை பொருந்தாதபோது பொருத்திக் கொடுப்பதற்கென்று உள்ளே ஓர் ஏற்பாடு உண்டு. அதை இவர் சங்கீதத்துக்காக அணைத்துவிட்டார். ஆகவே மிச்சத் துண்டெல்லாம் அடுத்த வினாடிக்குத் தள்ளிப் போகிறது. நேரம் நீள்கிறது, குரல் தடிக்கிறது.

"ஒரு வினாடி வேலைய ஒரு வினாடிக்குள்ள முடிக்காம மிச்சத்த அப்புறம் பார்த்துக்கலாம்னு தள்ளுது," என்றாள் ஊசி. "ஆபீஸ் பிளேயர்தான், சந்தேகமே இல்ல."

*

செட்டிங்ஸைத் திறந்தார்கள். ஒலி, அதற்குள் வெளியீடு, அதற்குள் 'மேம்பட்டவை'. அங்கே டிக் எடுக்கப்பட்ட ஒரு சின்னக் கட்டம். அதில் மறுபடி டிக் போடச் சுத்தத்துக்குக் கை வரவில்லை.

"போடுங்க சார்," என்றார் துருவலார்.

"போடறேன். ஆனா இதுல எந்த முறைன்னு கேட்குது. வேகமானது, நடுத்தரம், உயர்தரம். வேகமானதப் போட்டா ஓசை கரகரன்னு..."

"ஒரு பொண்ணோட வேலை போகப் போகுது. நீங்க கரகரப்பப் பத்திக் கவலைப்படறீங்க," என்றாள் ஊசி.

அவர் உயர்தரத்தையே தேர்ந்தெடுத்தார். ஆளின் சுபாவம் அது, மணி மூன்றேகால் ஆனால் என்ன. பிறகு பிளேயரை மூடித் திறக்க வேண்டும் என்றார். மூடினார். திறந்தார். அந்தக் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ள எடுத்த நேரத்தில் துருவலார் உண்மையாகவே ஒரு குட்டித் தூக்கம் போட்டார்.

மணி அடித்தது. இந்தத் தடவை மணி மணியாக அடித்தது. மகள் தொண்டை கிழியக் கத்தினாள். அவளுக்கு மேலே ஏறி ஆபரேட்டர் குரல் வந்தது: "பதறாதீங்க, முகவரிய மட்டும் சொல்லுங்க, பக்கத்துல என்ன கட்டடம், அப்பாவ நிமிர்த்தி உட்கார வைங்க, சட்டைய தளர்த்துங்க, வண்டி கிளம்பியாச்சு." ஒரே மூச்சு. டொக்.

"எண்பத்தாறு," என்றார் சுத்தம், தன் கடிகாரத்தைப் பார்த்து. கண் கலங்கியிருந்தது. "நான்தான் சார் அந்தம்மாவுக்கு ஊத்திக் கொடுத்திருக்கேன்."

துருவலார் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கேஸ் முடிந்தது. வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை வைக்கலாம். ஆனால் அவர் ஊசியைப் பார்த்தார். ஊசி பேசாமல் இருந்தாள். ஊசி பேசாமல் இருப்பது இந்தத் தொழிலில் நல்ல சகுனம் இல்லை.

"என்ன?"

"அத்தான், நாம அந்த ஆபரேட்டரம்மாகிட்ட நேத்து அவங்க வீட்ல பேசினோம்ல. குரல் எப்படி இருந்துது?"

கனத்த குரல். இயல்பிலேயே கட்டையான, நிதானமான குரல். வேகம் குறைந்த பதிவை மூன்று தடவை கேட்டும் யாருக்கும் சந்தேகம் வராததற்கே அதுதான் காரணம். இப்போது கேட்டதோ தகரத்தில் ஆணி கீறும் குரல்.

கதவு திறந்தது. துடைப்பக் கட்டை முதலில் வந்தது. "காலத் தூக்குங்க, இந்த ரூமும் துடைக்கணும், அப்புறம் கீழ போகணும்," என்றாள் துப்புரவுக்காரம்மா.

மூன்று பேரும் காலைத் தூக்கிக்கொண்டு அவளையே பார்த்தார்கள். அவள் திரையைப் பார்த்தாள். அலையலையாக நின்ற அந்த ஒலிக் கோட்டைப் படிக்க அவளுக்குத் தெரியாது. ஆனால் மூன்று பேர் முகத்தைப் படிக்கத் தெரிந்தது.

"கேட்டுட்டீங்களா?" என்றாள். இப்போது குரல் கீறவில்லை.

*

விசாரணை அறைக்கு வெளியே மர பெஞ்சில் ஆபரேட்டரம்மா சுவரில் தலை சாய்த்திருந்தாள். நாற்பது வயதுக்குக் கண்ணுக்குக் கீழே அத்தனை கருப்பு இருக்கக் கூடாது. துருவலார் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதெல்லாம் அப்புறம்.

"தூங்கிட்டீங்க," என்றார்.

அவள் மறுக்கவில்லை. "பக்கத்து சீட்டுக்காரி லீவு. அடுத்த ஷிஃப்ட் ஆளும் வரல. முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு உட்கார்ந்தேன் சார். காலைல பதினொண்ணுக்குத் தலைய மேஜை மேல வச்சது தெரியும். அவ்வளவுதான். துடைக்க வந்த அக்கா என்னை உலுக்கிப் பார்த்திருக்காங்க. நான் எந்திரிக்கல. போன் அடிச்சுக்கிட்டே இருந்துதாம்."

"ஊரைக் கூட்டியிருக்கலாமே," என்றாள் ஊசி, பின்னால் நின்ற துப்புரவுக்காரம்மாவிடம்.

"கூட்டினா இவ வேலை போயிடும். கூட்டாட்டி அங்க ஒரு உசுரு போயிடும். அதான் காதுல மாட்டிக்கிட்டேன். எட்டு வருஷமா இவங்க காலடியத்தான் துடைக்கறேன். என்ன கேட்கணும், எந்தப் பொத்தான்னு தெரியாமயா போகும்? என்னை மாட்டி விட்டுடாதீங்க சார்."

மணி மூன்று ஐம்பத்தைந்து. துருவலார் நெற்றியைத் தேய்த்தார். பதிவைச் சரியாகப் போட்டால் குடிப்பழி போகும், கூடவே குட்டும் வெளிப்படலாம். போடாவிட்டால் வேலை போகும். இருபது வருஷத் தொழிலில் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டு இத்தனை அலுப்பாக அவர் உட்கார்ந்ததில்லை.

"நீங்க சொல்லுங்க. போடவா, வேண்டாமா?"

"போடுங்க," என்றாள் ஆபரேட்டரம்மா. "என் பிள்ளைங்க ஸ்கூல்ல குடிகாரி பிள்ளைங்கன்னு கூப்பிடறாங்க."

*

சுத்தம் கம்ப்யூட்டரைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டி வந்தார். குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவர், மேஜை மேல் ஸ்டாப்வாட்ச். சுத்தம் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்: தான் அணைத்த கட்டம், நாற்பத்தெட்டாயிரம், நாற்பத்து நாலாயிரத்து நூறு. சங்கீதம் என்ற சொல்லை மட்டும் வேகமாகச் சொல்லிக் கடந்தார்.

பதிவு ஓடியது. தலைவர் வாட்சை அமுக்கினார், நிறுத்தினார், பார்த்தார். துணியில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "எண்பத்தாறு."

துருவலார் காத்திருந்தார். யாராவது நிமிர்ந்து, இது யார் குரல் என்று கேட்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. காலடியைத் தினமும் துடைத்துவிட்டுப் போகிறவளின் குரலை அந்த மூன்று பேரில் ஒருவரும் எட்டு வருஷமாகக் காதில் ஏற்றிக்கொண்டதில்லை.

"பிரமாதம்," என்றார் தலைவர். "எவ்வளவு தெளிவு, எவ்வளவு வேகம். புதுசா சேர்றவங்களுக்கு இதையே போட்டுக் காட்டலாம். அம்மா, குற்றச்சாட்டு ரத்து. இது உங்க குரல்தான்னு மறுபடி ஒரு கையெழுத்து போட்டுடுங்க, முடிச்சுக்கலாம்."

தாள் நகர்ந்து வந்தது. ஊசி துருவலாரின் முழங்கையைக் கிள்ளினாள். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். ஆபரேட்டரம்மா பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். மறுபடி மூடி மேஜை மேல் வைத்தாள்.

"முன்னாடி கேட்டப்ப என் குரல்னு கையெழுத்து போட்டேன் சார். அது கெட்ட பேரு. யாரோடதா இருந்தாலும் நான் வாங்கிக்கலாம்," என்றாள். "இது நல்ல பேரு. அடுத்தவங்களோட நல்ல பேர நான் எப்படி வாங்கிக்கறது? இது வெளிய துடைச்சுக்கிட்டு இருக்கற அக்கா குரல். நான் தூங்கிட்டேன்."

தலைவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எத்தனை மணி நேரமா இருக்கையில இருந்தீங்க?" என்றார்.

"பத்தொன்பது."

"யார் அப்படிப் போட்டது?"

துருவலார், உள்ளே வருமுன் சுத்தத்திடம் கேட்டு வாங்கியிருந்த பணி அட்டவணை நகலைத் தன் பையில் இருந்து எடுத்து மேஜையில் விரித்தார். அடியில் இருந்த கையெழுத்தைக் காட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. அதை வருஷக்கணக்காகப் போட்டுவருகிற தலைவர் தானே பார்த்துக்கொண்டார். வினாடியை எண்ணத் தெரிந்த மனுஷன், மணியை எண்ணிப் பார்த்ததில்லை. ஸ்டாப்வாட்சை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

"வெளிய இருங்க. அந்த அம்மாவ உள்ள வரச் சொல்லுங்க," என்றார். "ஒரு நாற்காலி போடுங்க."

ஒரு மணி நேரம் ஆயிற்று. துப்புரவுக்காரம்மா வெளியே வந்து வாளியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். நடை மட்டும் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. பின்னாலேயே குமாஸ்தா ஆணையோடு வந்தார். துருவலார் வாங்கிப் படித்தார். ஆபரேட்டருக்கு எச்சரிக்கை, வேலை நீடிக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எவரையும் இருக்கையில் வைக்கக் கூடாது. துப்புரவுப் பணியாளரை ஆபரேட்டர் தேர்வுக்கு அனுப்ப மேலிடத்துக்கு எழுதப்படும். மேலிடம் எப்போது பதில் போடுமோ, அது மேலிடத்துக்கே வெளிச்சம்.

"இதுல அவங்க கையெழுத்து வேணும். ஆபீஸ் மூடற நேரம்," என்றார் குமாஸ்தா.

ஆபரேட்டரம்மா பெஞ்சில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. செருப்பு ஒன்று கழன்று கிடந்தது. வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாமலே தூங்கியிருக்கிறாள்.

குமாஸ்தா குனிந்து தோளைத் தொடப் போனார். ஊசி அவர் கையைத் தடுத்தாள்.

"முழிச்சதும் போடுவாங்க. நீங்க உட்காருங்க."

குமாஸ்தா துருவலாரைப் பார்த்தார். துருவலார் நகர்ந்து இடம் விட்டார். அன்றைக்குக் காலையிலிருந்து அந்த மனுஷரும் நின்றுகொண்டேதான் இருந்திருக்கிறார் போல. மடியில் ஆணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.